"ஏம்ப்பா, இது ஓட மாட்டேங்குது": மலிவு லினக்ஸ் நெட்புக்குக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

பெரியம்மா ஓய்வுபெற்ற தமிழாசிரியை. திருவாரூரில் தனியாக இருக்கிறார். அவரிடம் இருப்பது 11.6 அங்குலத் திரையும் 4 ஜிபி ரேமும் கொண்ட ஒரு சின்ன நெட்புக். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது நான். காலையில் செய்தி, மத்தியானம் யூடியூபில் கச்சேரி, சாயங்காலம் பேரனோடு வீடியோ கால், நடுவில் மனசு வந்தால் எழுத்து. இந்த அளவு வேலைக்கு அது தாராளமாகப் போதும். சொந்தத்தில் இன்னும் மூன்று வீட்டு நெட்புக்குகளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

கோளாறு வந்தால் போன் வரும். அவர்கள் சொல்வது கண்ணில் தெரிவதை மட்டும்: "திரை கருப்பா இருக்கு", "அம்பு தானா ஓடுது." அதனால் இந்தக் குறிப்புகளையும் போனில் கேட்கிற சொற்களை வைத்தே எழுதுகிறேன். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "எப்ப இப்படி ஆகுது?" சார்ஜர் போட்டிருக்கும்போதா, எடுத்த பிறகா? லோகோ வருவதற்கு முன்பா, பிறகா? கரண்ட் போய் வந்த பிறகா, அப்டேட் போட்ட பிறகா? இதற்குச் சரியான பதில் கிடைத்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். லினக்ஸ் மேல் பழி விழுந்த பல தடவை உண்மையான காரணம் நிரம்பிவழிந்த டிஸ்க்காகவோ, செத்துப்போன ஒரு சின்ன செல்லாகவோ, எர்த் இல்லாத பிளக்காகவோ, விசிறியில் அடைத்த தூசியாகவோ இருந்திருக்கிறது.

வாங்கும்போதே தவிர்க்க வேண்டியவை

சில கோளாறுகளுக்கு வைத்தியமே கிடையாது. அவை வாங்கிய அன்றைக்கே கூட வந்தவை. நெட்புக் என்ற வகையைப் பரவலாக்கியது 2007-இல் வந்த ஏசுஸ் ஈ பிசி 701. 7 அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, உள்ளே லினக்ஸ். அடுத்த ஆண்டு இன்டெல் ஆட்டம் என்270 என்ற பிராசசர் வந்தது. அதற்குப் பிறகு எல்லா கம்பெனியும் நெட்புக் போட்டது. அந்தக் காலத்து நெட்புக்குகள் இன்றும் பழைய கம்ப்யூட்டர் கடைகளில் ஆசைகாட்டும் விலைக்குக் கிடைக்கின்றன. என்270, என்280 என்று இருந்தால் வாங்காதீர்கள். அவை 32-பிட் என்ற பழைய வகை மட்டுமே. குரோம் பிரவுசர் 32-பிட் லினக்ஸை 2016-லேயே கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸில் 32-பிட் இயந்திரத்துக்கு இன்ஸ்டாலரே இல்லை. ஏற்கெனவே வீட்டில் ஒன்று கிடந்தால், டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 என்ற லினக்ஸின் 32-பிட் பதிப்பைப் போட்டு எழுதவும் பாட்டுக் கேட்கவும் வைத்துக்கொள்ளலாம். புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆட்டம் இசட்520, என்2600, என்2800 ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள். அவற்றின் கிராஃபிக்ஸ் வேறு கம்பெனியின் வடிவமைப்பு. அதற்கு லினக்ஸில் உருப்படியான டிரைவர் கடைசிவரை வரவில்லை. இசட்3735எஃப் போட்ட, டேப்லெட்டையும் கீபோர்டையும் ஒட்டவைத்தது போன்ற மாடல்களில் 2 ஜிபி ரேமும் 32 ஜிபி சேமிப்பும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்ட வழியில்லை. போதாததற்குப் பிராசசர் 64-பிட், ஆனால் இயந்திரத்தை எழுப்பும் உள் மென்பொருளான ஃபர்ம்வேர் 32-பிட். சாதாரண லினக்ஸ் பென் டிரைவை அது கண்டுகொள்ளவே செய்யாது.

அப்படியென்றால் எதை வாங்குவது? புதிதாக வேண்டுமென்றால் செலரான் என்4020, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. இதற்குக் கீழே இறங்க வேண்டாம். என் மனசுக்குப் பிடித்தது செகண்ட் ஹேண்டில் 12.5 அங்குல ஆபீஸ் லேப்டாப்: லெனோவா திங்க்பேட் எக்ஸ்250, டெல் லாட்டிட்யூட் இ7250 மாதிரி. நெட்புக்கைவிடக் கொஞ்சம்தான் பெரிது. திறந்து ரேம் மாற்றலாம், டிஸ்க் மாற்றலாம், விசிறியைத் துடைக்கலாம். ஐந்து வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு இதுதான் முக்கியம்.

கடைக்குப் போகும்போது லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென் டிரைவ் ஒன்று பையில் இருக்கட்டும். சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் உங்கள் ஊர்க் கடையாக இருந்தாலும், "பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துக்கறேன் அண்ணே" என்றால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். பென் டிரைவிலிருந்தே பூட் செய்து, வைஃபை, சத்தம், கேமரா, வெளிச்சம் கூட்டும் விசை எல்லாவற்றையும் பாருங்கள். மூடியை மூடி ஒரு நிமிடம் கழித்துத் திறந்தால் திரை திரும்ப வருகிறதா? ஒரு எடிட்டரைத் திறந்து எல்லா விசையையும் ஒரு தரம் தட்டுங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அஞ்சு நிமிடம் வீடியோ ஓட்டுங்கள். பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் பாஸ்வேர்டு கேட்காமல் நுழைய முடிகிறதா என்றும் பாருங்கள். பழைய ஆபீஸின் பூட்டு அப்படியே இருந்தால் பின்னால் உங்களால் எதையும் மாற்ற முடியாது.

இன்னொன்று. தமிழ்நாட்டில் பல வீட்டுப் பரணில் அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று இருக்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. தொடக்கத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, சுற்றும் தட்டில்லாத எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால், செய்தி படிக்க, மெயில் பார்க்க, எழுத இன்றைக்கும் உதவும். புதிதாக வாங்குவதற்கு முன்பு பரணைப் பார்த்துவிடுங்கள்.

"பட்டனை அழுத்தினா ஒண்ணுமே வரல"

விளக்கே எரியவில்லை என்றால் முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை முப்பது நொடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். போர்டில் தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டிப் போடுங்கள். இடி மின்னலுக்குப் பிறகோ, கரண்ட் விட்டு விட்டு வந்த பிறகோ "செத்துப்போன" நெட்புக்குகளில் சில இதிலேயே எழுந்துவிடும். எழவில்லை என்றால் வேறொரு சார்ஜரை மாட்டிப் பாருங்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

"லைட் எரியுது, திரை மட்டும் கருப்பு"

இதற்கு ஒரு டார்ச் போதும். அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால் நெட்புக் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, திரைக்குப் பின்னால் உள்ள வெளிச்சம்தான் போயிருக்கிறது. வெளிச்சம் கூட்டும் விசையை நாலைந்து தடவை அழுத்துங்கள். யாராவது தெரியாமல் முழுக்கக் குறைத்திருக்கலாம். அப்படியும் வரவில்லை என்றால் திரை கேபிள் அல்லது பேக்லைட். கடைக்குத்தான் போக வேண்டும்.

டார்ச்சிலும் ஒன்றும் தெரியவில்லை, லோகோவும் வரவில்லை என்றால் ரேமைக் கழற்றுங்கள். பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, தூள் போக ஊதி, 'டக்' என்ற சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு அந்தப் பற்கள் கறுத்துவிடும். பழுது பார்க்கும் கடையிலும் முதலில் செய்வது இதைத்தான்.

லோகோ வந்து, அதற்கப்புறம் கருப்பாகிறதா? அப்போது கோளாறு லினக்ஸ் பக்கம், பெரும்பாலும் கிராஃபிக்ஸ். ஆன் செய்தவுடன் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையைத் தட்டினால், எதை வைத்துத் தொடங்குவது என்று கேட்கும் 'கிரப்' மெனு வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய், முந்தைய கெர்னலை, அதாவது லினக்ஸின் பழைய மையப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அப்டேட் போட்ட மறுநாள் வந்த கோளாறென்றால் இதில் திறந்துவிடும். திறக்கவில்லை என்றால் அதே மெனுவில் 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று ஆங்கிலத்தில் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். இது தற்காலிகம். உள்ளே நுழைந்து அப்டேட்டை முடிக்க உதவும்.

"பாஸ்வேர்டு போட்டா திரும்ப அதே இடத்துக்கு வந்து நிக்குது"

எனக்கு அதிகம் வரும் போன் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 'பாஸ்வேர்டு தவறு' என்ற வரி வருகிறதா, இல்லை ஒரு நொடி கருப்பாகிவிட்டு மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறதா? இரண்டும் வேறு வேறு நோய்.

தவறு என்று சொன்னால் கீபோர்டைப் பாருங்கள். கேப்ஸ் லாக் எல்லோருக்கும் தெரியும். சின்ன நெட்புக்குகளில் எண் விசைகளுக்கான 'நம் லாக்' இன்னும் மோசம். அது விழுந்துவிட்டால் வலது கைப்பக்கத்து எழுத்து விசைகள் எண்களாக மாறிவிடும். பெயர் கேட்கும் பெட்டியில் பாஸ்வேர்டை அடித்துப் பார்த்தால் என்ன விழுகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள். தமிழ் விசைப்பலகையை சிஸ்டம் முழுவதற்கும் சேர்த்திருந்தால் பாஸ்வேர்டும் தமிழில் விழும். லாகின் திரையின் மேல் மூலையில் மொழிக் குறியைச் சொடுக்கி ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கருப்பாகித் திரும்பி வருகிறதென்றால், பத்துக்கு எட்டுத் தடவை டிஸ்க் நிரம்பியிருக்கிறது. உள்ளே நுழையும்போது லினக்ஸ் சில சின்னக் கோப்புகளை எழுத வேண்டும். எழுத இடமில்லாததால் வெளியே தள்ளிவிடுகிறது. பெரியம்மாவிடம் போனில் நான் செய்ய வைத்தது இப்படி:

"பெரியம்மா, கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2, மூணையும் சேர்த்து அழுத்துங்க."

"கருப்புல வெள்ளை எழுத்து வருதுப்பா."

"அதுதான். பேர் அடிச்சு என்டர். அப்புறம் பாஸ்வேர்டு. அடிக்கும்போது ஒண்ணும் தெரியாது, புள்ளிகூட வராது. நம்பி அடிச்சுட்டு என்டர் தட்டுங்க."

இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புள்ளி வராததைப் பார்த்து, "அடிபடவே மாட்டேங்குது" என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

உள்ளே போனதும் 'டிஎஃப்', ஒரு இடைவெளி, சிறுகோடு, 'எச்' என்று அடித்து என்டர். ஒரு பட்டியல் வரும். வரியின் கடைசியில் வெறும் சாய்கோடு மட்டும் நிற்கும் வரியைப் பாருங்கள். அதில் 100 விழுக்காடு என்றிருந்தால் நோய் பிடிபட்டது. 64 ஜிபி நெட்புக்கில் இடத்தைத் தின்பது பெரும்பாலும் டைம்ஷிஃப்ட். கோளாறு வந்தால் பழைய நிலைக்குத் திரும்ப, சிஸ்டம் கோப்புகளை நாள்தோறும் 'படம்' என்ற பிரதியாக எடுத்து வைக்கும் நல்ல வசதிதான். ஆனால் சின்ன டிஸ்க்கில் நாலைந்து படம் சேர்ந்தால் அப்டேட்டுகளோடு சேர்ந்து இடம் தீர்ந்துவிடும். 'சூடோ', இடைவெளி, 'டைம்ஷிஃப்ட்', இடைவெளி, இரண்டு சிறுகோடு, 'டெலீட்', சிறுகோடு, 'ஆல்' என்று அடித்து என்டர். இது டைம்ஷிஃப்ட் எடுத்த பழைய பிரதிகளை மட்டும் அழித்துவிடும். உங்கள் சொந்தக் கோப்புகளைத் தொடாது. அடுத்து 'சூடோ ஏபிடி கிளீன்'. அப்புறம் 'சூடோ ரீபூட்'. எல்லாம் ஆங்கில எழுத்தில், சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். பெரியம்மாவுக்கு நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். இருபது நிமிடம் ஆனது. திரும்பவும் முகப்புத் திரை வந்ததும் அவர் விட்ட பெருமூச்சு எனக்கு இங்கே கேட்டது.

உள்ளே நுழைந்த கையோடு டைம்ஷிஃப்டைத் திறந்து, நாள்தோறும் என்பதை எடுத்துவிட்டு, வாரத்துக்கு ஒன்று, இரண்டே பிரதி என்று வையுங்கள். டிஸ்க்கில் எப்போதும் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும்.

டிஸ்க்கில் இடம் இருந்தும் இப்படி ஆனால், வீட்டு ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் 'எக்ஸ்அத்தாரிட்டி' என்ற மறை கோப்பைச் சந்தேகியுங்கள். அதன் உரிமை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குப் போயிருந்தால் இதே மாதிரி சுற்றவிடும். அதே கருப்புத் திரையில் சூடோ போட்டு அந்தக் கோப்பை அழித்துவிட்டு ரீபூட் செய்தால், அடுத்த முறை புதிதாக ஒன்றை அதுவே எழுதிக்கொள்ளும்.

"எந்தப் பக்கம் போனாலும் பாதுகாப்பு இல்லைன்னு வருது"

திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். தேதி பழையதாக நின்றிருந்தால் பிரவுசர் இணையதளங்களின் சான்றிதழை ஏற்காது. மெயில், பேங்க், கரண்ட் பில் எல்லாமே 'பாதுகாப்பு இல்லை' என்று மிரட்டும். அப்டேட்டும் மறுக்கும். தேதி அமைப்பில் நெட்டிலிருந்து தானாக நேரம் வாங்கும் வசதியைப் போட்டுவிட்டால் அப்போதைக்குச் சரியாகும். ஒவ்வொரு தடவை சார்ஜரைக் கழற்றி வைத்த பிறகும் இது திரும்ப வந்தால், உள்ளே இருக்கும் கடிகார செல் தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்ற 3 வோல்ட் நாணய செல்தான். ஆனால் பல நெட்புக்குகளில் அது வெறும் நாணயமாக இருக்காது. கறுப்பு அல்லது மஞ்சள் உறைக்குள் இரண்டு ஒயரோடு சின்ன சாக்கெட்டில் மாட்டியிருக்கும். ஒயரோடு கேட்டு வாங்குங்கள். செல்லை வீட்டில் சால்டர் வைத்துப் பற்றவைக்க வேண்டாம், வெடிக்கும்.

நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகுகிறதா? அது வேறு கதை. விண்டோஸும் லினக்ஸும் ஒரே இயந்திரத்தில் இருந்தால், ஒன்று உள்கடிகாரத்தில் இந்திய நேரத்தை எழுதும், இன்னொன்று கிரீன்விச் நேரம் என்று அதைப் படிக்கும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் தீர்ந்தது. 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையில் 'செட்-லோக்கல்-ஆர்டிசி' என்ற விருப்பத்துக்கு 1 கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ரொம்ப மெதுவா இருக்கு"

ஆன் செய்த முதல் மூன்று நான்கு நிமிடம் மட்டும் மெதுவென்றால் அது சுற்றும் ஹார்டு டிஸ்க்கின் வேலை. எஸ்எஸ்டி போடுங்கள். பழைய நெட்புக்கில் செய்யக்கூடிய செலவுகளில் இதற்கு ஈடு இல்லை. 7 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே போதும். மாற்றும் முன்பு 'டிஸ்க்ஸ்' செயலியைத் திறந்து, டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் தகவலையும் பாருங்கள். கெட்ட செக்டார்கள் ஏறிக்கொண்டே போனால் முதலில் புகைப்படங்களை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

ஒரு டேப் திறந்திருக்கும்போது நன்றாக ஓடி, ஏழெட்டு ஆனதும் அம்புகூட நகரவில்லை, டிஸ்க் விளக்கு விடாமல் மினுக்குகிறது என்றால் ரேம் போதவில்லை. இடமிருந்தால் கூட்டுங்கள். போர்டில் பற்றவைத்ததாக இருந்தால் 'இசட்ரேம்' போடுங்கள். ரேமில் கிடப்பதைச் சுருக்கி வைத்துக்கொள்ளும் வசதி அது. 2 ஜிபி இயந்திரத்திலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் போடுங்கள். விளம்பரம் போனால் செய்தித் தளங்களின் பாரம் பாதியாகக் குறைந்தது போல இருக்கும்.

அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு, அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி சுட ஆரம்பித்ததும் மெதுவாகிறதென்றால் தூசி. சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அடிமூடியைத் திறந்து, விசிறி சுற்றாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். விசிறிக்கும் வெளிக்காற்றுத் துவாரத்துக்கும் நடுவில் தூசி ஒரு கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும். பெரியம்மா கட்டில் மெத்தை மேல் வைத்துப் பார்ப்பார். மெத்தைப் பஞ்சு முழுவதும் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு மணைப்பலகையைக் கொடுத்தேன், அதன்மேல் வைத்துத்தான் இப்போது பார்க்கிறார்.

சார்ஜர் மாற்றிய நாளிலிருந்து மெதுவென்றால் அந்தச் சார்ஜரைச் சந்தேகியுங்கள். டெல் போன்றவற்றில் சார்ஜரை அடையாளம் தெரியாவிட்டால் இயந்திரமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

"வைஃபை காட்டவே இல்ல"

முதலில் விமான முத்திரை போட்ட விசையைப் பாருங்கள், சில மாடல்களில் பக்கவாட்டில் சின்ன சுவிட்சே இருக்கும். அடுத்து, போனில் தெரியும் வைஃபை பெயர் இதில் தெரியவில்லையா? மலிவு நெட்புக் பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் வேலை செய்யும். ஃபைபர் ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப்பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயர் இதன் கண்ணுக்குத் தெரியாது. ரூட்டரின் இன்னொரு பெயரில் சேருங்கள்.

எந்தப் பெயருமே வரவில்லை என்றால் டிரைவர் இல்லை. பிராட்காம் சிப்களில் இது அதிகம். டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று பலர் திகைத்துப்போகிறார்கள். வழி சுலபம். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, போனில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸ் அதை ஒயர் நெட் என்று உடனே எடுத்துக்கொள்ளும். அப்புறம் மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்து, காட்டுவதைப் போட்டு, ரீபூட் செய்யுங்கள். பயாஸில் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பைப் போட்டிருந்தால் ரீபூட்டின்போது ஒரு நீலத் திரை வந்து சாவியைச் சேர்க்கச் சொல்லும். அதைக் கவனிக்காமல் விட்டால் டிரைவர் ஏறாது.

ரூட்டர் பக்கத்தில் கிடைக்கும், அடுத்த அறைக்குப் போனால் அறுந்துவிடும் என்றால், சிப் ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ-யா என்று பாருங்கள். இந்தச் சிப்பில் இரண்டு ஆன்டெனா முனை உண்டு. மலிவு மாடல்களில் ஒன்றில்தான் ஒயர் மாட்டியிருக்கும். டிரைவரோ மாட்டாத முனையில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். மாட்ப்ரோப் ஃபோல்டரில் ஒரு கோப்பை உருவாக்கி அந்த டிரைவருக்கு 'ஆன்ட்_செல்' மதிப்பை 1 என்றோ 2 என்றோ கொடுங்கள். எதில் சிக்னல் ஏறுகிறதோ அதுதான் உங்கள் முனை. எந்தச் சிப்பாக இருந்தாலும், சும்மா விட்டால் அறுந்து, தொட்டால் வருகிறதென்றால் மின்சேமிப்பு. நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் வைஃபை பவர்சேவ் 3 என்றிருப்பதை 2 ஆக்குங்கள்.

"அம்பு தானா ஓடுது"

சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். அம்பு அமைதியாகிவிட்டால் கோளாறு நெட்புக்கில் இல்லை, சுவரில் இருக்கிறது. எர்த் சரியில்லாத வீட்டிலோ, மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டர் வழியாகச் சொருகியிருந்தாலோ, சார்ஜரிலிருந்து கசியும் மிகச் சின்ன மின்சாரம் போக வழியில்லாமல் நெட்புக்கின் உடம்பிலேயே நிற்கும். டச்பேட் உங்கள் விரலின் மின்னூட்டத்தை அளந்துதான் வேலை செய்கிறது. அதனால் குழம்பிப்போய் அம்பை அங்கும் இங்கும் இழுக்கும். உலோக விளிம்பில் மணிக்கட்டைத் தேய்த்தால் சுருசுருவென்று இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நெட்புக்குக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அதே வீட்டில்தான் கீசரும் கிரைண்டரும் ஓடுகின்றன.

சார்ஜர் இல்லாமலும் ஓடினால், அல்லது டச்பேடை அழுத்தினால் 'கிளிக்' விழவில்லை என்றால், நெட்புக்கை மேசையில் வைத்து ஓரமாகக் குனிந்து பாருங்கள். நாலு காலும் தரையில் படுகிறதா? டச்பேட் நடுவில் லேசாக மேடிட்டிருக்கிறதா? இருந்தால் கீழே பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அழுத்திச் சமமாக்கப் பார்க்காதீர்கள். குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். கழற்றத் தெரிந்தவரிடம் கொடுத்து எடுத்துவிட்டு, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். குப்பைத்தொட்டியில் போடக் கூடாது.

"சார்ஜ் நிக்க மாட்டேங்குது"

'பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' செயலியில் இரண்டு எண் இருக்கும்: முழு சார்ஜில் இப்போது பிடிக்கும் அளவு, தயாரிக்கும்போது இருந்த அளவு. 38 என்று தொடங்கியது 14 என்று நின்றால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது, எந்த அமைப்பை மாற்றினாலும் திரும்ப வராது. எண் நன்றாக இருந்தும் சீக்கிரம் தீர்ந்தால் திரை வெளிச்சத்தைக் குறைத்து, டிஎல்பி என்ற மின்சேமிப்புச் செயலியைப் போடுங்கள். ஊருக்குப் போகும்போது பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். அடியோடு தீர்ந்த நிலையில் ரெண்டு மாதம் பூட்டி வைத்த பேட்டரி பிறகு எழாமலே போகலாம்.

"வீடியோ திக்கித் திக்கி வருது"

என்3350-க்கு முந்தைய சின்னப் பிராசசர்களில் யூடியூப் அனுப்பும் விபி9 வகை வீடியோவை விரிக்க முழுமையான தனிச் சில்லு வசதி கிடையாது. என்4020-இல் விபி9 உண்டு, ஏவி1 கிடையாது. ஃபயர்ஃபாக்ஸில் 'என்ஹான்ஸ்டு எச்264ஐஃபை' என்ற சேர்ப்பைப் போட்டு, உங்கள் பிராசசரால் முடியாத வகையை மட்டும் தடுத்துவிடுங்கள். யூடியூப் வேறு வகையில் அனுப்பும். 11 அங்குலத் திரைக்கு யூடியூபில் 480 என்ற தரம் போதும். கச்சேரி கேட்பவருக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை.

"படம் அப்படியே உறைஞ்சு போச்சு, சத்தம் ரீங்காரமா நிக்குது"

செலரான் என்2830, என்2840 போன்ற 'பே டிரெயில்' வகையில் இது பெயர்பெற்ற கோளாறு. ஆழ்ந்து தூங்கப் போகும் பிராசசர் எழ முடியாமல் நின்றுவிடும். முன்பு சொன்ன கிரப் வரியில் 'இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1' என்று ஆங்கிலத்தில் சேர்த்து ரெண்டு நாள் ஓட்டுங்கள். உறையவில்லை என்றால் கிரப் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவிடுங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், பரவாயில்லை.

"தமிழ் வரல"

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை. நோட்டோ தமிழ் அல்லது லோகித் தமிழை மென்பொருள் மேலாளரில் தேடிப் போடுங்கள். பழைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறதா? அது கெட்டுப்போன கோப்பு இல்லை. பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துருக் கோப்பைச் சொடுக்கி நிறுவினால் படிக்கலாம். பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். பெரியம்மாவின் இருபது வருடத்துக் கட்டுரைகள் இப்படித்தான் மீண்டன.

தமிழில் அடிப்பதற்கு ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பைப் போட்டு, ஐபஸ் விருப்பங்களில் தமிழ்99 விசைப்பலகையைச் சேருங்கள். உயிர் இடது கையில், மெய் வலது கையில். அ, ம, ம, ஆ என்று நாலு விசை தட்டினால் 'அம்மா' வரும். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். லிபர்ஆபீஸில் எழுத்துரு அமைப்பை மாற்றினாலும் தமிழுக்கு மட்டும் மாறவில்லை என்றால், விருப்பங்களில் மொழிப் பகுதிக்குப் போய் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதில் டிக் போடுங்கள். தமிழுக்கு அது தனி எழுத்துரு வைத்திருக்கிறது.

"பிரின்டர் நேத்து வரைக்கும் அடிச்சுது"

எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தன் ஃபர்ம்வேரை கம்ப்யூட்டரிலிருந்து வாங்கிக்கொள்ளும். எச்பிலிப் மென்பொருளோடு அதன் பிளக்இன்னையும் சேர்த்துப் போடுங்கள். அது இல்லாவிட்டால் பிரின்டரை அணைத்துப் போட்டதும் ஊமையாகிவிடும்.

"காபி கொட்டிருச்சு"

யோசிக்காதீர்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், முடிந்தால் பேட்டரியைக் கழற்றுங்கள். திறந்த நிலையில் கூடாரம் மாதிரி கவிழ்த்து, கீபோர்டு கீழே பார்க்க, துண்டின் மேல் வையுங்கள். விசிறிக்காற்று படட்டும். அரிசியில் புதைக்க வேண்டாம், தவிடும் தூளும்தான் உள்ளே போகும். ஹேர் டிரையரும் வேண்டாம். "ஓடுதான்னு ஒரு தரம் போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்பார்கள். கூடாது. ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால்தான் போர்டு போகும். வெறும் தண்ணீரென்றால் ரெண்டு நாள் முழுசாகக் காயவிட்டுப் போடுங்கள். பாலும் சர்க்கரையும் கலந்ததென்றால் காய்ந்த பிறகும் பிசுபிசுப்பு உள்ளே நிற்கும். போடாமலேயே கடைக்குக் கொண்டுபோய், போர்டைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கீபோர்டு மட்டும் போயிருந்தால் அதைத் தனியாக மாற்றிவிடலாம். அதுவரை ஒரு யூஎஸ்பி கீபோர்டு போதும்.